ஆபரேஷனுக்குப் பிறகு அத்தைக்கு நினைவு சரியாகத் திரும்பவில்லை. மருத்துவமனையிடம் என்ன கேட்க வேண்டும்?

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குப் பாபநாசம் பக்கம் கிராமம். என் அத்தைக்கு 51 வயது. நிற்காத ரத்தப்போக்கு, ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி என்று வந்தது. சம்பா அறுப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவரே தள்ளிப்போட்டார். மாசி மாதம் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுக்கச் சேர்த்தோம். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. நடந்துதான் உள்ளே போனார்.

முதுகில் ஊசி போட்டுச் செய்வதாகத்தான் முதலில் சொன்னார்கள். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒருவர் வெளியே வந்து, முதுகு ஊசி சரியாகப் பிடிக்கவில்லை, முழு மயக்கம் கொடுக்கிறோம் என்று சொல்லி அத்தானிடம் இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கினார். பன்னிரண்டேகால் வாக்கில், எடுத்த கர்ப்பப்பையை ட்ரேயில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அத்தான் அதைப் போனில் படம்கூட எடுத்து வைத்திருக்கிறார். எங்களுக்கு உயிர் வந்தது, காபி குடிக்கக் கீழே போனோம். திரும்பி வரும்போது தியேட்டர் பக்கம் ஒரே ஓட்டம். ஒருவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகிறார். யாரும் எங்களிடம் பேசவில்லை. அப்புறம் பெரிய டாக்டர் வந்து, "மயக்கம் தெளிய லேட்டாகுது, சில பேருக்கு உடம்பு வாகு அப்படி" என்றார். சாயங்காலம் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே வென்டிலேட்டரில் வைத்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் இருந்ததால் வந்த பாதிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறார். ஆளைத் தெரிகிறது, பேச்சு குழறுகிறது. அத்தை கதம்பம் கட்டுவதில் கெட்டிக்காரர். கல்யாண வீடுகளுக்கு அவர் கட்டித்தான் போகும். இப்போது வாழைநாரை நனைத்துக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், மரிக்கொழுந்தை எடுத்து வைக்கிறார், முடிச்சுப் போடும் இடம் வந்ததும் விரல் அப்படியே நின்றுவிடுகிறது. சற்று நேரம் பார்த்துவிட்டு அழுகிறார்.

முந்தாநாள் மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். மீதி பில் கட்ட வேண்டாம், தஞ்சாவூரில் ஆன செலவிலும் ஒரு பங்கு தருகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்கிறார். மாமா போட்டுவிடலாம் என்கிறார். ஊர்ப் பையன்கள் மருத்துவமனை வாசலில் மறியல் செய்வோம் என்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். இது தவறால் நடந்ததா, இல்லை விதியா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அதை எப்படித் தெரிந்துகொள்வது?

வெட்டாறு:

மறியலுக்கு மட்டும் போகாதீர்கள். மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, ஜாமீனில் வர முடியாத பிரிவு. ஒரு கண்ணாடி உடைந்தால் போதும், அன்றையிலிருந்து நீங்கள்தான் குற்றவாளி. அத்தையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். எங்கள் தெருவில் இப்படி நடந்து, பையன்கள் இன்னும் வாய்தாவுக்குப் போய் வருகிறார்கள்.

தியேட்டர் சிஸ்டர்:

தம்பி, தஞ்சாவூரில் அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் மாமாவிடம் சொல்லுங்கள், அந்த ஸ்டாம்ப் பேப்பரில் இப்போது கையெழுத்து வேண்டாம். என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு சமாதானமாகப் போவது வேறு. தெரியாமல் போட்டுக் கொடுப்பது வேறு.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நீங்கள் தேடுவது இருக்காது. நீங்கள் வாங்க வேண்டியது அனஸ்தீசியா சார்ட். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் இருந்துகொண்டு எழுதுகிற தாள் அது. கட்டம் கட்டமாக இருக்கும். குறுக்கே நேரம் ஓடும், பொதுவாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் பிரஷர், நாடித்துடிப்பு, விரலில் மாட்டிய கிளிப் காட்டும் ஆக்ஸிஜன் அளவு எல்லாம் இருக்க வேண்டும். என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்பதும் இருக்க வேண்டும். முதுகு ஊசி போட்ட நேரம், அது பிடிக்கவில்லை என்று முடிவு செய்த நேரம், தொண்டையில் குழாய் போட்ட நேரம், எடுத்த நேரம், எல்லாம் அதில்தான்.

மயக்க மருந்தில் எங்கெங்கே தப்பு நேரும் என்பதைச் சொல்கிறேன். உங்கள் அத்தைக்கு இதுதான் நடந்தது என்று சொல்லவில்லை. முதுகு ஊசி மருந்து ஏற வேண்டிய அளவைத் தாண்டி மேலே ஏறினால் பிரஷர் சரியும், மூச்சுத் தசைகள் தளரும். நோயாளி "மூச்சு முட்டுது, கை மரமரங்குது" என்பார். உடனே கவனித்தால் மீட்டுவிடலாம். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டிய குழாய் உணவுக்குழாய்க்குள் போவது உண்டு. கைதேர்ந்தவர்களுக்கும் நேரும், அது குற்றமில்லை. ஆனால் போனதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏற்கெனவே ஆக்ஸிஜன் கொடுத்து வைத்திருப்பதால் விரல் கிளிப் சில நிமிடம் 98, 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும், அதை நம்ப முடியாது. வெளிவரும் மூச்சில் உள்ள கரியமில வாயுவைக் காட்டுகிற கேப்னோகிராப் என்ற கருவி நாலைந்து மூச்சிலேயே சொல்லிவிடும். அந்தக் கருவி அன்றைக்கு அந்த தியேட்டரில் இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் அதன் எண்ணும் சார்ட்டில் வரும்.

மருந்து மாறிப்போவதும் உண்டு. ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்பியூலும் முதுகில் போடும் புபிவக்கெயின் ஆம்பியூலும் சில கம்பெனிகளில் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மாற்றி முதுகில் ஏற்றிவிட்டால் வலிப்பு வரும், இதயத்துடிப்பு தாறுமாறாகும், உயிரே போகும். 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே எச்சரிக்கை விட்டு, இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்றது. அத்தைக்கு வலிப்பு வந்ததாக யாரும் சொன்னார்களா?

எல்லாவற்றையும்விட, நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது வேறு இடம். பன்னிரண்டேகாலுக்குக் கர்ப்பப்பையைக் காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் அதன் பிறகு தையல் மட்டும்தான் பாக்கி. ஓட்டம் எத்தனை மணிக்கு? அதற்குள் அத்தையை தியேட்டரை விட்டு வெளியே எடுத்தார்களா, எந்த அறையில் வைத்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஆபரேஷன் முடிந்த முதல் ஒரு மணி நேரத்தை நாங்கள் ஆபரேஷனைவிடக் கவனமாகப் பார்ப்போம். அரை மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். தசையைத் தளர்த்தும் மருந்தின் மிச்சம் உடம்பில் இருந்தால் மூச்சு மேலோட்டமாகி நின்றுவிடும். தாடையைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்வார்கள். நான் பார்த்த பல விபரீதங்கள் கத்தி பட்ட நேரத்தில் நடந்தவை அல்ல, எல்லோரும் கையுறையைக் கழற்றிய பிறகு நடந்தவை. மூளை ஆக்ஸிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது, தம்பி.

ஆகவே சார்ட்டோடு நர்ஸ் நோட்ஸ், ரெக்கவரி அறைப் பதிவு, ஆபரேஷனுக்கு முந்தைய பிட்னஸ் தாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அத்தானும் மாமாவும் அன்றைக்கு யாருக்கு எத்தனை மணிக்குப் போன் பண்ணினார்கள், என்ன வாட்ஸ்அப் அனுப்பினார்கள் என்று போனைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மனசு நேரத்தை மாற்றிச் சொல்லும், போன் சொல்லாது.

மருதநிலம்:

நான் மயக்கவியல் மருத்துவர், டெல்டாவில்தான் வேலை. இந்த நோயாளியை நான் பார்க்கவில்லை, அதனால் யாரையும் குற்றம் சொல்லும் இடத்தில் நான் இல்லை. சிஸ்டர் எழுதியதில் மருத்துவ ரீதியாக எதையும் மறுக்க மாட்டேன்.

"மயக்கம் தெளிய லேட்டாகிற உடம்பு" என்று சொன்னார்களே, அதைப் பற்றி மட்டும் விளக்குகிறேன். அப்படிப்பட்ட உடம்பு உண்மையிலேயே இருக்கிறது. தொண்டையில் குழாய் போடுவதற்காக ஸ்கோலின் என்ற மருந்து கொடுப்போம், தசை தளரும். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சில நிமிடத்தில் சிதைத்துவிடும். பிறவியிலேயே அந்த நொதி குறைவாக இருப்பவர்களுக்கு மணிக்கணக்கில் தசை அசையாது. நம் தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தாரிடம் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் "உங்கள் வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தில் பிரச்சினை வந்திருக்கிறதா" என்று முன்கூட்டியே கேட்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குறைபாடு இருப்பவருக்குச் செய்ய வேண்டியது, தசை திரும்பும்வரை செயற்கை மூச்சுக் கொடுப்பது. கொடுத்துக்கொண்டே இருந்தால் நாலு மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். தாமதமாகத் தெளிவதால் மட்டும் மூளை கெடாது. மூச்சு நின்றதால்தான் கெடும். எனவே அவர்கள் சொன்ன காரணம் உண்மையாகவே இருந்தாலும், அது உங்கள் கேள்விக்குப் பதில் அல்ல. ஸ்கோலின் கொடுத்தார்களா என்று சார்ட்டில் பாருங்கள். கொடுத்திருந்தால் அத்தைக்கு அந்த நொதியின் அளவைப் பார்க்கும் சூடோகோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குறைவாக வந்தால் அவர் பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்களும் செய்துகொள்ள வேண்டும், வழக்குக்காக அல்ல, நாளைக்கு அவர்கள் தியேட்டருக்குள் போகும் நாளுக்காக.

இன்னொன்றும் மனம்விட்டுச் சொல்கிறேன். சின்ன ஊர் நர்சிங் ஹோம்களுக்குச் சொந்தமாக மயக்க மருந்து டாக்டர் கிடையாது. போன் வந்தால் போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒரே காலையில் இரண்டு மூன்று இடம் என்பது சாதாரணம். முதல் இடத்தில் நோயாளி கண்ணைத் திறந்ததும் அடுத்த இடத்திலிருந்து போன் வந்துவிடும். அங்கே ஒரு சிசேரியன் காத்திருக்கும். அதைவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கவும் முடியாது, இவரை விட்டுப் போகவும் கூடாது. இது தனி ஒருவர் குறை மட்டுமல்ல. ஆனால் நோயாளியைப் பயிற்சி பெற்ற ஓர் ஆளிடம், கருவி மாட்டிய நிலையில், ஒப்படைக்காமல் கிளம்புவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. மயக்க மருந்து டாக்டர் அன்று எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று கேளுங்கள்.

நுகர்வோர் வக்கீல்:

தஞ்சாவூர், திருவாரூர் நுகர்வோர் ஆணையங்களில் வழக்கு நடத்துகிறேன்.

பதிவுகளைக் கேட்பது உங்கள் உரிமை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் பாதுகாத்து வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்காதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீலும் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம், "மேல் சிகிச்சைக்காகத் தேவை" என்றால் போதும், அது பொய்யும் அல்ல.

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிந்துபோன விஷயம். சிகிச்சை பெற்ற அத்தையும் நுகர்வோர்தான், பில் கட்டிய அத்தானும் நுகர்வோர்தான். 2019 சட்டம் வந்த பிறகு நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, கட்டிய பில் தொகைதான் தீர்மானிக்கும். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். பில் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. கெடு இரண்டு வருடம். அதைத் தவறவிட்டால் தாமதத்துக்குக் காரணம் காட்டிக் கெஞ்ச வேண்டியிருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அத்தை பெயரில் மனு கொடுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்படாதீர்கள். ஆபரேஷனுக்குச் சம்மதம் தருவது கவனக்குறைவுக்குச் சம்மதம் தருவதாகாது.

போலீஸ் புகாரை இப்போது நான் சொல்ல மாட்டேன். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவர் மேல் குற்ற வழக்கு என்றால் சாதாரணத் தவறு போதாது, கடுமையான கவனக்குறைவு வேண்டும், நடவடிக்கைக்கு முன் சுதந்திரமான மருத்துவர் ஒருவரின் கருத்தையும் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்தால் டாக்டர் மேல் ஒழுங்கு நடவடிக்கை வரலாம், இழப்பீடு வராது. மருத்துவமனையின் வசதிக் குறை பற்றி ஜே.டி. ஆபீஸில், அதாவது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில், மனு கொடுக்கலாம். எதுவாக இருந்தாலும் தாள்கள் கைக்கு வந்த பிறகு.

அரசலாறு:

வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அத்தையின் கைக்குப் பயிற்சி நிற்கக் கூடாது. முதல் வருடம் மிக முக்கியம் என்று எங்கள் அப்பாவுக்கு பிசியோதெரபி செய்தவர் சொல்லிக்கொண்டே இருப்பார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள், கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள், மாத உதவித்தொகைக்கும் அது வேண்டும், வழக்கில் பாதிப்பைக் காட்டவும் உதவும். நாரை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். கட்டி முடிக்காவிட்டாலும் தினமும் கொடுங்கள்.

குடமுருட்டிக்கரை:

சிஸ்டர் அக்கா, டாக்டர் சார், வக்கீல் சார், எல்லோருக்கும் நன்றி. மாமா கையெழுத்துப் போடவில்லை. கடிதம் கொடுத்தோம். முதலில் வாங்க மாட்டேன் என்றார்கள், ஸ்பீடு போஸ்டில் போட்டோம். அப்புறம் அவர்களே கூப்பிட்டு நகல் கொடுத்தார்கள்.

அனஸ்தீசியா சார்ட் இருக்கிறது. வலிப்பு எதுவும் எழுதவில்லை. ஸ்கோலின் கொடுத்ததாகவும் இல்லை, வேறு ஏதோ தசை தளர்த்தும் மருந்து. ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறி ஒழுங்காக இருக்கிறது. 12.30-க்குக் குழாய் எடுத்ததாகவும், "நோயாளி விழித்திருக்கிறார், சொன்னதைச் செய்கிறார், வார்டுக்கு மாற்றப்பட்டார்" என்றும் எழுதி முடித்திருக்கிறார்கள். கீழே கையெழுத்து. அதற்குப் பிறகு மயக்க மருந்து டாக்டர் எழுதியது எதுவும் இல்லை. நர்ஸ் நோட்ஸில் அடுத்த வரி 1.10. "அழைத்தால் பதில் இல்லை, உதடு நீலம், டாக்டருக்குத் தகவல்." இடையில் ஒன்றுமே இல்லை. ரெக்கவரி அறைப் பதிவு என்று ஒரு தாள் கேட்டோம், எங்களிடம் ரெக்கவரி அறை தனியாகக் கிடையாது என்றார்கள்.

அத்தான் போனில் ட்ரே படம் 12.16. நாங்கள் காபி குடித்துவிட்டு வந்து சித்தப்பாவுக்குப் பதறிப் போன் பண்ணியது 1.14.

தியேட்டர் சிஸ்டர்:

தம்பி, படித்ததும் என்னால் உடனே எழுத முடியவில்லை.

12.30-க்கு விழித்திருந்தார் என்று அவர்கள் கைப்படவே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் "மயக்கம் தெளிய லேட்டாகுது" என்று உங்களிடம் சொன்னது எப்படிச் சரியாகும்? இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். விழித்தவர் வார்டுக்குப் போய் அங்கே மூச்சு நின்றிருக்கலாம். இல்லையென்றால் முழுக்கத் தெளியாதவரைத் தெளிந்தார் என்று எழுதி வெளியே அனுப்பியிருக்கலாம். எப்படியானாலும் நாற்பது நிமிடம் ஒரு பிரஷர்கூடப் பார்த்து எழுதவில்லை. முழு மயக்கத்திலிருந்து வந்தவருக்கு முதல் அரை மணி நேரம் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதுவோம். விரல் கிளிப் மாட்டியிருந்தால் ஆக்ஸிஜன் இறங்கும்போதே அலாரம் அடித்திருக்கும், உதடு நீலமாகிற வரைக்கும் வந்திருக்காது. வார்டில் கிளிப் இருந்ததா என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களிடம் விசாரியுங்கள். தஞ்சாவூரில் சேர்த்தபோது எடுத்த ரத்த வாயுப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.

மருதநிலம்:

சிஸ்டரோடு உடன்படுகிறேன். தசை தளர்த்தும் மருந்தை முறிக்க நியோஸ்டிக்மின், கிளைகோபைரோலேட் கொடுத்திருக்கிறார்களா, எத்தனை மணிக்கு என்று சார்ட்டின் கடைசிப் பகுதியில் பாருங்கள். அதோடு, கருத்து எழுதித் தர இதே வட்டாரத்தில் தொழில் செய்யும் என்னைப் போன்றவர்களைத் தேடாதீர்கள், சார்பு என்பார்கள். மருத்துவக் கல்லூரி மயக்கவியல் துறையில் மூத்த பேராசிரியர் ஒருவரின் கருத்து எடுபடும்.

நுகர்வோர் வக்கீல்:

ஆணையமே மருத்துவக் குழுவிடம் கருத்துக் கேட்கவும் முடியும். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை, பார்த்த மாத்திரத்தில் தெரியும் கவனக்குறைவுக்குத் தேவையில்லை என்று 2010-ல் வி. கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த நாற்பது நிமிட வெற்றிடம் அப்படிப்பட்டது என்று நான் வாதிடுவேன், ஆனால் அதை மட்டுமே நம்பி இறங்க மாட்டேன்.

அத்தானின் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் போய்விடும், மூலப் படம் போனிலேயே இருக்கட்டும். மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அதை நான் தயார் செய்து தருகிறேன். மருத்துவமனைக்குப் போய் இந்த முரண்பாட்டைப் பற்றி யாரும் வாக்குவாதம் செய்ய வேண்டாம். முதலில் நோட்டீஸ். பில் ரசீதுகள், கொடுத்த நகல்கள், ஸ்பீடு போஸ்ட் ஒப்புகை, தஞ்சாவூர் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அத்தானையும் மாமாவையும் நேரில் வரச் சொல்லுங்கள். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.